முற்றத்தில் வைக்க அப்பத்தா சிலை: எந்தக் கல் எடுக்கலாம்?

பள்ளத்தூர் டிராயிங் டீச்சர்:

வணக்கம். எங்கள் வீட்டு முற்றத்தில் வைப்பதற்காக அப்பத்தாவின் உருவத்தைக் கல்லில் செதுக்கப் போகிறேன். சுதையிலும் வேப்ப மரத்திலும் பல வருஷமாக வேலை செய்கிறேன். கல்லில் இதுதான் முதல்.

இரண்டரை அடி உயரம். சம்மணம் போட்டு உட்கார்ந்த கோலம். ஒரு கை முழங்கால் மேல், இன்னொரு கையை நீட்டி வெற்றிலை பிடித்திருக்கிற மாதிரி. அப்பத்தா கடைசி வரை கண்டாங்கிதான் கட்டினார்கள். அந்தக் கட்டம் போட்ட சேலை, பின்கொசுவம், நரைத்த தலையில் சின்னக் கொண்டை, தோள் வரை தொங்கிய காது. இதெல்லாம் தெரிந்தால்தான் அது எங்கள் அப்பத்தா.

பின்கட்டில் உடைந்த கருங்கல் தூண் ஒன்று கிடக்கிறது. மூன்றடி நீளம், ஒரு அடி சதுரம், வெளிர் சாம்பல் நிறம், பெரிய பெரிய பொறிகள் (கல்லுக்குள் மணி மணியாகத் தெரிகிற துகள்கள்). அதிலேயே செய்துவிடலாமா என்று ஆசை. கொத்தனார் செம்புறாங்கல் போதும், லேசாக வெட்டலாம் என்கிறார். சித்தப்பா பளிங்கில்தான் முகம் அழகாக வரும் என்கிறார். முற்றம் முழுக்கத் திறந்தவெளி. ஐப்பசி கார்த்திகையில் நாலு பக்க ஓட்டுத் தண்ணீரும் உள்ளேதான் கொட்டும்.

அப்புறம் ஒன்று. பெண் உருவம் என்பதால் பெண் கல்தான் எடுக்க வேண்டுமா?

சேலத்துக்காரன்:

டீச்சர், முதல் வேலை என்றால் மாக்கல் எடுங்கள். எங்கள் பக்கம் கல்சட்டி கடைகிற அதே கல்தான். நகத்தால் கீறினாலே கோடு விழும். உங்கள் மர உளியும் அரமும் போதும். பேலூர், ஹளேபீடு கோயில்களில் நகை நகையாக நுணுக்கம் இருக்கிறதே, அதுவும் இந்த வகைக் கல்தான். கண்டாங்கிக் கட்டம் அருமையாக வரும்.

பிள்ளையார்பட்டி உளி:

வணக்கம் டீச்சர். பிள்ளையார்பட்டிப் பக்கத்தில் பட்டறை வைத்திருக்கிறேன். அப்பா காலத்திலிருந்து கருங்கல் வேலை.

கல்லைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அந்த வெற்றிலைக் கையைப் பேசிவிட வேண்டும். மரத்தில் நார் இருக்கிறது, சுதையில் உள்ளே கம்பி கொடுக்கிறோம். நீட்டிய கையைத் தாங்க கல்லுக்குள் எதுவும் கிடையாது. எந்தக் கல்லை எடுத்தாலும் அந்த மணிக்கட்டு ஒரு நாள் போய்விடும். குகைக்குள் இருக்கும் எங்கள் ஊர்க் கற்பக விநாயகரைப் பாருங்கள். மலைப்பாறையிலேயே குடைந்த உருவம், இரண்டே கை, துதிக்கை வலப்பக்கம் சுருண்டு உடம்போடு ஒட்டியிருக்கிறது. துருத்திக்கொண்டு நிற்கிற உறுப்பு ஒன்றுகூடக் கிடையாது. அப்பத்தாவின் கையையும் மடியோடு சேர்த்துவிடுங்கள். மடியில் ஒரு வெற்றிலைப் பெட்டி, அதன் மேல் கை. பார்க்கிற எல்லாருக்கும் வெற்றிலை போடுகிற ஆள் என்று புரிந்துவிடும்.

இனி கல். செம்புறாங்கல்லை மண்ணிலிருந்து வெட்டும்போது கத்திக்கு வளையும், காற்றுப்பட்டால் இறுகும். ஊருணிப் படிக்கும் மதிலுக்கும் அதைவிட நல்ல கல் நம் பக்கம் இல்லை. ஆனால் உடம்பெல்லாம் ஓட்டை. அதில் கண்ணும் உதடும் நிற்காது.

பளிங்கில் சித்தப்பா சொல்வது போல முகம் அழகாகத்தான் வரும். வீட்டுக்குள் வைப்பதாக இருந்தால் நானும் அதைத்தான் சொல்வேன். திறந்த முற்றத்தில் வேண்டாம். மழைத் தண்ணீரில் இருக்கிற லேசான புளிப்பே பளிங்கை அரிக்கும். சில வருஷத்தில் பளபளப்பு போய் மேல்தோல் சர்க்கரை மாதிரி சொரசொரப்பாகிவிடும்.

மழைக்கு இளகிய கல் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டுமானால் காஞ்சி கைலாசநாதர் கோயிலுக்குப் போய் வாருங்கள். 8ஆம் நூற்றாண்டுக் கோயில். அடித்தளத்துக்குக் கருங்கல் போட்டு, மேலே மணற்கல்லில் எழுப்பினார்கள். மணற்கல் சிற்பங்கள் பல இடத்தில் கரைந்து, பின்னால் வந்தவர்கள் சுதை பூசி ஒட்டுப்போட்டிருக்கிறார்கள். கீழே கருங்கல் அப்படியே இருக்கிறது.

மாக்கல் பற்றிச் சேலத்துத் தம்பி சொன்னது உண்மை, நுணுக்கம் நன்றாக வரும். ஆனால் நகத்துக்குக் கீறுகிற கல், பேரப்பிள்ளைகள் ஓடியாடுகிற முற்றத்தில் எத்தனை நாள் முகத்தைக் காப்பாற்றும்? கை பழக ஒரு துண்டு வாங்கிக்கொள்ளுங்கள். அப்பத்தாவை அதில் செய்ய வேண்டாம்.

உங்கள் தூணுக்கு வருகிறேன். பல காலம் பாரம் தாங்கி வெயில் மழை பார்த்த கல், உள்ளே கோளாறு இருந்தால் இதற்குள் காட்டியிருக்கும். கல் நல்ல கல்தான். சிக்கல் இரண்டு. முதலாவது அளவு. இரண்டரை அடியில் சம்மணம் போட்டால் முழங்காலுக்கு முழங்கால் இரண்டடிக்குக் குறையாமல் வேண்டும். ஒரு அடித் தூணில் அடங்காது. இரண்டாவது பொறி. பொறி பெரிதாக இருந்தால் உளி பட்டதும் ஒரு பொறி முழுசாகப் பெயர்ந்து வரும். கண் இமையின் கனம் இரண்டு மில்லிமீட்டர், கல்லின் பொறி ஆறு மில்லிமீட்டர் என்றால் இமை எப்படி நிற்கும்? பத்தடிச் சிலைக்கு அந்தக் கல் பொருந்தும். சுருக்கம் விழுந்த சின்ன முகத்துக்குப் பொருந்தாது.

என் யோசனை இது. அப்பத்தாவை ஒன்றரை அடி உயரத்துக்குக் குறையுங்கள். பொறி கண்ணுக்கே தெரியாத நைசான கறுப்புக் கல்லில் செய்யுங்கள். தூணை வெட்டாமல் அப்படியே படுக்கப் போட்டால் மூன்றடி நீளத்துக்குத் திண்ணை கிடைத்துவிடும். அதன் மேல் அப்பத்தா உட்கார்ந்தால் தரையிலிருந்து மொத்தம் நீங்கள் கேட்ட அதே இரண்டரை அடி. வீட்டுத் தூணும் வீட்டிலேயே இருக்கும்.

கறுப்புக் கல்லை நான் சொல்வதற்குப் பெரிய காரணம் உங்கள் கண்டாங்கி. அந்தக் கல்லுக்கு இரண்டு நிறம் உண்டு. மெருகு ஏற்றிய இடம் கன்னங்கரேல் என்று இருக்கும். உளி பட்ட இடம் வெளுத்துச் சாம்பலாக நிற்கும். கல்வெட்டுப் பலகையில் எழுத்து வெள்ளையாகத் தெரிவது இதனால்தான். சேலைப் பகுதியை மெருகு போட்டுவிட்டு அதன் மேல் கட்டத்தைக் கீறினால் கோடு கோடாக வெளிறித் தெரியும். சாயம் எதுவும் வேண்டாம். தலைமுடிக்கு மெருகே போடாதீர்கள், நெருக்கமாகப் பொளிந்து அப்படியே விட்டால் நரை வந்துவிடும். முகத்துக்கு அரை மெருகு போதும். முழு மெருகு போட்டால் வெளிச்சம் பட்டுத் தெறித்து, சுருக்கமெல்லாம் மறைந்துவிடும்.

ஆண் கல், பெண் கல் பார்ப்பது தெய்வத் திருமேனிக்கு. ஆண் தெய்வத்துக்கு ஆண் கல், அம்மனுக்குப் பெண் கல், ஓசை இல்லாத கல் தளத்துக்கும் அடிமானத்துக்கும் என்று தட்டிப் பார்த்துப் பிரிப்பார்கள். மனித உருவத்துக்கு அந்த விதி கிடையாது. ஆனால் தட்டிப் பார்க்காமல் எந்தக் கல்லையும் வாங்காதீர்கள்.

பள்ளத்தூர் டிராயிங் டீச்சர்:

அண்ணே, தூணைத் திண்ணையாக்குகிற யோசனை எங்கள் வீட்டில் எல்லாருக்கும் பிடித்துவிட்டது. அப்பத்தாவின் வெற்றிலைப் பெட்டி இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது, அதைப் பார்த்தே செதுக்கிவிடுவேன்.

கல்லைத் தட்டிப் பார்ப்பது எப்படி என்று மட்டும் விவரமாகச் சொல்லுங்கள். நேற்று ஒரு பட்டறைக்குப் போய்ச் சுத்தியால் தட்டினேன். எல்லாக் கல்லும் ‘தொப்’ என்றுதான் கேட்டது. பட்டறைக்காரர் எல்லாமே முதல் தரம் என்கிறார். தூசியை நினைத்தாலும் பயமாக இருக்கிறது, வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

மண்ணியல் படித்த தேவகோட்டைக்காரன்:

டீச்சர், கல் மண்ணில் படுத்துக் கிடந்திருக்கும். அப்படிக் கிடந்தால் நல்ல கல்லும் ஊமையாகத்தான் கேட்கும், அதிர்வை மண் குடித்துவிடும். இரண்டு மரக்கட்டை மேல் தூக்கி வைக்கச் சொல்லிவிட்டுத் தட்டுங்கள். விரிசல் இல்லாத கல்லில் அதிர்வு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடையில்லாமல் ஓடி, ஓசை கணீரென்று வந்து கொஞ்ச நேரம் நிற்கும். நடுவில் வெடிப்பு இருந்தால் அங்கேயே அறுந்துவிடும். ஒரே இடத்தில் தட்டாமல் நீளவாக்கில் நகர்ந்து தட்டுங்கள். ஓசை எந்த இடத்தில் மாறுகிறதோ அங்கே சுண்ணாம்புக் கட்டியால் குறி போட்டுக்கொள்ளுங்கள்.

கறுப்பு கிரானைட் என்று கடையில் சொன்னாலும் அதில் பெரும்பாலானவை கிரானைட் வகையே கிடையாது. டோலரைட், காப்ரோ என்கிற வேறு பாறைக் குடும்பம். கனமும் கூடுதல். சாதாரணக் கருங்கல் கன அடிக்கு ஏறக்குறைய 75 கிலோ என்றால் இது 85 கிலோவை ஒட்டி வரும். வாங்கும்போது பித்தளை நிறத்தில் மின்னுகிற புள்ளிகள் இருக்கிறதா என்று பாருங்கள். அது இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட். பார்க்க அழகாக இருக்கும், மழை பட்டால் துருவாகி முகத்தில் பழுப்புக் கோடு இறங்கும்.

தூசி விஷயத்தில் உங்கள் பயம் நியாயமானது. கிரானைட்டில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் குவார்ட்ஸ் என்கிற கனிமம் இருக்கும். அந்தத் தூள் நுரையீரலில் தங்கினால் சிலிக்கோசிஸ் என்கிற நுரையீரல் நோய் வரும், வந்தால் குணமாகாது. டோலரைட்டில் குவார்ட்ஸ் மிகக் குறைவு, அந்த வகையில் கறுப்புக் கல் உங்களுக்கு நல்லது. அதற்காக முகக்கவசம் இல்லாமல் உட்காராதீர்கள். துணியைக் கட்டிக்கொண்டால் பிரயோஜனம் இல்லை, என்95 வேண்டும். மெஷின் பிடிக்கும்போது தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கட்டும். மாக்கல்லில் பழகினாலும் இதேதான். சில மாக்கல்லில் ஆஸ்பெஸ்டாஸ் வகை நார் கலந்திருக்கும்.

பிள்ளையார்பட்டி உளி:

தேவகோட்டை அண்ணன் சொன்னதெல்லாம் சரி. வாங்கும்போது பார்க்க வேண்டியது இன்னும் இரண்டு.

ஓசையில் பிடிபடாத மயிரிழை விரிசலைத் தண்ணீர் காட்டிக்கொடுக்கும். கல் முழுக்க நனைய ஒரு குடம் ஊற்றி, துணியால் ஒற்றி எடுத்துவிட்டு வெயிலில் காத்திருங்கள். மேல்பரப்பு வெளுத்து வரும்போது விரிசல் இருக்கிற கோடு மட்டும் கறுப்பாக ஈரத்தோடு நிற்கும். அவசரப்படுத்துகிற கடைக்காரரிடம் வாங்கவே வேண்டாம். கோடு அடிப்பக்கம் இருந்தால் பரவாயில்லை, பேசி விலையைக் குறைக்கலாம். முகமோ கழுத்தோ வரப்போகிற இடத்தில் இருந்தால் அந்தக் கல்லை விட்டுவிடுங்கள்.

அடுத்தது, கல் குவாரியில் எப்படிப் பிரிந்தது என்று பாருங்கள். ஓரத்தில் வரிசையாகப் பாதிப் பாதித் துளைகள் தெரிந்தால் ஆப்பு அடித்துப் பிளந்த கல். வெடி வைத்துப் பெயர்த்த கல் தாறுமாறாக உடைந்திருக்கும். மேலே ஒன்றும் தெரியாது, உள்ளே நொய்ந்து போயிருக்கும். மூக்கு செதுக்குகிற நேரத்தில்தான் அது தெரியவரும்.

சிலையின் அளவு 18 அங்குல உயரம், 15 அகலம், 12 கனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் ஒரு அங்குலம் கூடுதலாக 20க்கு 17க்கு 14 என்று கேளுங்கள். 235 கிலோ அளவுக்கு இருக்கும். அதற்கு முன்னால் களிமண்ணில் அதே அளவுக்கு அப்பத்தாவைச் செய்து பட்டறைக்குக் காட்டினால், பெரிய வெட்டையெல்லாம் மெஷினில் அவர்களே எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். முக்கால்வாசித் தூசி உங்கள் வீட்டுக்கு வராது. மர உளி இதற்கு ஆகாது. கார்பைடு முனை வைத்த உளி நாலைந்து வாங்கிக்கொள்ளுங்கள். மெருகுக்குக் கார்போரண்டம் கல், முரடிலிருந்து நைசுக்கு ஒவ்வொன்றாக, தண்ணீர் விட்டு.

மடியைச் செதுக்கும்போது ஒன்று கவனம். சம்மணத்துக்கு நடுவில் குழிவு வரும். அங்கே தண்ணீர் நின்றால் பாசி பிடிக்கும். வெற்றிலைப் பெட்டியின் இரண்டு பக்கமும் முன்னோக்கி லேசாகச் சரிவு கொடுத்து, சேலை மடிப்பு வழியாகவே தண்ணீர் வெளியே வடியும்படி செய்யுங்கள். மடிப்பை எப்படியும் செதுக்கத்தான் போகிறீர்கள். ஓட்டுத் தண்ணீர் விழுகிற வரிசைக்கு நேராகச் சிலை இருக்கக் கூடாது, ஒரு அடி உள்ளே தள்ளி வையுங்கள்.

இந்தக் கல்லும் திறந்தவெளியும் கஷ்டமான வேலை என்று யாராவது சொன்னால் மனசு விடாதீர்கள். எங்கள் ஊர்க்காரர் கணபதி ஸ்தபதி கன்னியாகுமரியில் நிறுத்திய வள்ளுவர் 133 அடி, கடலுக்கு நடுவே உப்புக் காற்றில் 2000ஆம் வருஷத்திலிருந்து நிற்கிறார். கருங்கல் இனத்துக்கு உங்கள் முற்றத்து மழை ஒன்றும் பெரிய விஷயம் இல்லை.

கல் வீட்டுக்கு வருகிற நாளில் வாசலிலிருந்து முற்றம் வரை பலகை போட்டு அதன் மேல் உருளையில் தள்ளச் சொல்லுங்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் கடப்பாரை ஊன்ற யாரையும் விடாதீர்கள், அதே டிசைனில் பழைய கல்லைத் தேடிப் பிடிப்பது லேசில்லை. களிமண் உருவம் தயாரானதும் முகத்தையும் பக்கவாட்டையும் படம் எடுத்து இங்கே போடுங்கள். காது தொங்குகிற இடத்தில் கழுத்தோடு எவ்வளவு ஒட்டவைக்க வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.