பேப்பர் இல்லாத நாய் அஜிலிட்டி (தடை தாண்டி ஓடும் போட்டி) ஓடலாமா?

மிளகு அம்மா, வேளச்சேரி

வணக்கம். எங்க மிளகுக்கு ரெண்டு வயசு தாண்டிடுச்சு. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளம் வடிஞ்ச அன்னிக்கு, தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் மேடையில நடுங்கிட்டு இருந்த குட்டி. கறுப்பு, மார்ல மட்டும் ஒரு கை அகலத்துக்கு வெள்ளை. ஒரு காது நிமிர்ந்திருக்கும், இன்னொண்ணு பாதியில மடிஞ்சிடும். அம்மா ஏரிக்கரைத் தெருநாய். தலையையும் வாலையும் பார்த்தா அப்பா வழியில லாப்ரடார் கலந்திருக்கும்னு தோணுது.

ஒரு வருஷமா காலைல அஞ்சரை மணிக்கு, கல்யாண மண்டபத்துக்குப் பின்னாடி இருக்கற காலி மனையில பழக்கறேன். பெயிண்ட் வாளியில மணல் போட்டு ஆறு பிவிசி பைப் நட்டு வீவ் போல், அதாவது நாய் வளைஞ்சு வளைஞ்சு நுழைஞ்சு ஓடற கம்பு வரிசை, செஞ்சேன். குழந்தைங்க நுழைஞ்சு விளையாடற துணி டன்னல் ஒண்ணு, தாண்டறதுக்கு ரெண்டு கம்பு, அவ்வளவுதான். என் தோள் எந்தப் பக்கம் திரும்புதோ அந்தப் பக்கம் அவளும் திரும்பறா. வாயால சொல்லவே வேண்டியதில்ல.

போன மாசம் ஒரு நாய்க் கண்காட்சியில விளையாட்டுப் பிரிவும் இருக்குன்னு கேள்விப்பட்டு ஆட்டோ பிடிச்சுக் கூட்டிட்டுப் போனேன். பதிவு மேஜையில பெடிக்ரி பேப்பர், அதாவது வம்சாவளிச் சான்று, கேட்டாங்க. இல்லன்னேன். "இது தெருநாய்ம்மா, கூட்டத்துல யாரையாவது கடிச்சா யார் பொறுப்பு?"ன்னு ஒதுங்கி நிக்கச் சொல்லிட்டாங்க. அந்த நேரம் மிளகு என் செருப்பு மேல மோவாயை வச்சுப் படுத்திருந்தா. தடுப்பூசி புக், கார்ப்பரேஷன் லைசென்ஸ் ரெண்டும் என் கையில இருந்துச்சு. யாரும் வாங்கிக்கூடப் பார்க்கல. வீடு வர்ற வரைக்கும் அழுதேன்.

உலகத்துல எங்கேயாவது கலப்பு நாய்ங்க போட்டியில ஓடுதா? இன்னொரு சந்தேகம். அஜிலிட்டியில வர்ற சீசா பலகை தரையில டமால்னு இடிக்கற சத்தம் கேட்டாலே ஓடி ஒளிஞ்சிடறா. தீபாவளி வெடிக்கும் இப்படித்தான். எப்படிப் பழக்கறது?

நாய்ப் பயிற்சியாளர், மடிப்பாக்கம்

அம்மா, அழாதீர்கள். அந்த மேஜையில் இரண்டு வெவ்வேறு விஷயங்களைக் குழப்பிவிட்டார்கள்.

கண்காட்சி வளையத்தில் நடுவர் பார்ப்பது அந்த இனத்துக்கு எழுதிவைத்த லட்சணம். ராஜபாளையத்துக்கு ஒன்று, சிப்பிப்பாறைக்கு ஒன்று. அங்கே பேப்பர் கேட்பது நியாயம். அஜிலிட்டியில் பார்ப்பது நேரமும் பிழையும் மட்டும். 1978இல் லண்டன் க்ரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், போட்டிகளுக்கு நடுவே கூட்டத்தை மகிழ்விக்க, குதிரைகள் தடை தாண்டும் போட்டியைப் பார்த்து உண்டாக்கிய விளையாட்டு இது. பிரிவு பிரிப்பதற்கு நாயின் தோள்பட்டை உயரத்தை அளப்பார்கள். தாத்தா பாட்டி யார் என்பதற்கு அந்தக் கோலில் இடமில்லை.

ஆனாலும் கதவு திறக்க நாளாயிற்று. 1884இல் தொடங்கிய, நாய் இனங்களைப் பதிவு செய்யும் அமெரிக்கன் கென்னல் கிளப், அஜிலிட்டி, ஒபீடியன்ஸ் (கட்டளைக்குக் கீழ்ப்படிதல்), ராலி (பலகைகளில் எழுதிய கட்டளைப்படி செய்தல்) மூன்றிலும் கலப்பு நாய்களைச் சேர்த்தது 2010 ஏப்ரலில்தான். 2011இல் தொடங்கிய வேர்ல்ட் அஜிலிட்டி ஓப்பன் என்ற சர்வதேசப் போட்டியில் எந்த நாயும் ஓடலாம். 2024 மே மாதம் நியூயார்க் வெஸ்ட்மின்ஸ்டர் நாய்க் கண்காட்சியின் மாஸ்டர்ஸ் அஜிலிட்டியில் ஜெயித்த நிம்பிள், பார்டர் கோலியும் பாப்பிலானும் கலந்தது. அந்தப் பட்டத்தை வென்ற முதல் கலப்பு நாய் அதுதான். அந்த ஓட்டத்தின் வீடியோ கிடைக்கும். நாயைப் பார்த்து முடித்ததும், கூட ஓடும் பெண்ணின் தோளையும் கையையும் ஒருமுறை தனியாகப் பாருங்கள்.

இனிமேல் நம் ஊரில் எந்த நிகழ்ச்சி என்றாலும் கிளம்பும் முன் போன் செய்து, "பேப்பர் இல்லாத நாயை எந்தப் பிரிவில் சேர்ப்பீர்கள்?" என்று நேராகக் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கிவிடுங்கள். மிளகு மறுபடியும் வாசலில் நிற்கக் கூடாது.

சீசாவுக்கு வருகிறேன். பலகையை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். பயம் சத்தத்தின் மேல்தான். அகலமான பலகை ஒன்றை எடுத்து, ஒரு முனைக்கடியில் பழைய சணல் சாக்கை நான்காக மடித்து வையுங்கள். அதே முனையை ஒரு அங்குலம் மட்டும் தூக்கி, அவளே முன்னங்காலால் அழுத்தும்படி விடுங்கள். பொத்தென்று சின்னச் சத்தம் வரும். வந்த கணமே அவித்த ஈரல் துண்டு. சத்தத்தை உண்டாக்கியது தான்தான் என்று அவளுக்குப் புரிய வேண்டும். அதற்கு ஒரு வாரமும் ஆகலாம், ஒரு மாதமும் ஆகலாம். அதன்பின் சாக்கில் ஒரு மடிப்பைக் குறையுங்கள். அவள் பின்வாங்கினால் மடிப்பைத் திரும்பப் போடுங்கள். கழுத்துப்பட்டையைப் பிடித்து ஏற்றவே கூடாது. நாட்டு நாய் ஒருமுறை வஞ்சிக்கப்பட்டதை லேசில் மறக்காது.

கோலி வீடு, அண்ணா நகர்

மிளகு அம்மா மேல மரியாதை உண்டு, ஆனா ஒரு உண்மையைச் சொல்றேன். நாட்டு நாய் ஒரு கட்டத்துக்கு மேல சொன்ன பேச்சு கேட்காது. எங்க பார்டர் கோலி ஒரே தடையை இருபது தடவை சலிக்காம செய்யும். போட்டின்னா அதுதான் வேணும்.

நாய்ப் பயிற்சியாளர், மடிப்பாக்கம்

தம்பி, நீங்கள் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். கோலி மந்தை மேய்க்க வளர்த்த இனம், மனிதன் கையசைவுக்குக் காத்திருக்கும். நம் நாய் தானாக முடிவெடுத்துப் பிழைத்த வம்சம். நான்காவது முறையே "இதைத்தான் செய்துவிட்டேனே" என்று முகம் திருப்பும். அதனால் மூன்றோடு நிறுத்திவிடுவேன். மறுநாள் அது ஓடிவந்து வரிசையில் நிற்கும். களத்தில் ஒரு சுற்றில் ஒவ்வொரு தடையையும் இருபது முறையா செய்யச் சொல்கிறார்கள்?

கால்நடை மருத்துவ மாணவி, வேப்பேரி

அக்கா, ரெண்டு வயசு ஆனதால எலும்பு வளர்ச்சி முடிஞ்சிருக்கும், தாண்ட விடலாம். குட்டி வச்சிருக்கறவங்க இதைப் பார்த்து உயரமா தாண்ட விடாதீங்க. வளர்ற எலும்போட முனை மென்மையா இருக்கும், அடிபட்டா கால் கோணலாயிடலாம். மொட்டைமாடி டைல்ஸ்ல ஓட விடவே வேண்டாம், வழுக்கினா முட்டித் தசைநார் கிழியலாம். ஏப்ரல், மே மாசத்துல ஏழு மணிக்குள்ள முடிச்சிடுங்க. நாக்கு அகலமா விரிஞ்சு எச்சில் கெட்டியானா உடனே நிறுத்தி, நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுக்கத் தண்ணி ஊத்துங்க. விசிறிக் காத்தும் வேணும்.

மிளகு அம்மா, வேளச்சேரி

எல்லாருக்கும் நன்றி. பன்னிரண்டு நாள் ஆச்சு. முதல் நாலு நாள் சாக்கு கிட்டகூட வரல. தூரத்துல உட்கார்ந்து ஈரலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தா. அஞ்சாம் நாள் ஒரு கால் வச்சா. இன்னைக்குக் காலைல மடிப்பு ரெண்டுதான் இருக்கு. நான் வாளியை எடுத்து வைக்கத் திரும்பினப்போ பின்னாடி பொத்துன்னு சத்தம். யாரும் சொல்லாம அவளே பலகையில ஏறி அழுத்திட்டு, மடிஞ்ச காதோட என்னையே பார்த்துட்டு நின்னா. கையில ஈரல் தீர்ந்துபோச்சு, இடுப்புல முடிஞ்சு வச்சிருந்த பிஸ்கட்டை முழுசாக் கொடுத்தேன்.

அய்யா, வீவ் போல்ல முதல் கம்பு அவளோட எந்தத் தோள் பக்கம் வரணும்?

நாய்ப் பயிற்சியாளர், மடிப்பாக்கம்

இடது தோள், எப்போதும். கம்புக்குக் கம்பு 60 செ.மீ. இடைவெளி. பெரிய போட்டிகளில் பன்னிரண்டு கம்பு இருக்கும், இன்னும் ஆறு வாளி தேடுங்கள் அம்மா.