பழைய கைச்சக்கர ட்ரில்லிங் மெஷின்ல பேட்டன்ட் தேதி மட்டும் இருக்கு, கண்டுபிடிச்சவரை எப்படித் தேடுறது?

பட்டறை_ராசா

எல்லாருக்கும் வணக்கம். எங்க தாத்தா காலத்து இரும்புப் பட்டறையில தூண்ல போல்ட் போட்டு மாட்டுன ட்ரில்லிங் மெஷின் ஒண்ணு இன்னும் ஓடுற நிலைமையில இருக்கு. கரண்ட் எதுவும் கிடையாது, கையால கைப்பிடிய சுத்தணும், பக்கத்துல இருக்கிற ஃப்ளைவீல் வேகம் பிடிச்சுரும், மேல ஒரு பல்சக்கரம் இருக்கு, அதை ஒரு கொக்கி சுத்துக்கு சுத்து ஒரு பல்லு தள்ளிவிட்டு தொளை போடுற பிட்டை தானா கீழ இறக்கிக்கிட்டே வரும். இதை யோசிச்சவன் கைய எடுத்துக் கும்பிடணும், அவ்வளவு அழகா வேலை செய்யுது.

வார்ப்புல அமெரிக்காவுல செஞ்சதுன்னும், பேட்டன்ட்னும், மாசம் வருஷமும் எழுந்து நிக்குது. நாள் மட்டும் தேஞ்சுபோச்சு. நம்பர் எங்கயும் இல்ல. இதை வச்சு யாரு டிசைன் பண்ணுனாங்கன்னு கண்டுபிடிக்க முடியுமா?

இன்னொண்ணு. ஐடிஐ படிக்கிற அக்கா பையன், ட்ரில்லிங் மெஷின் கண்டுபிடிச்சது யாருன்னு நெட்ல தேடுனா ஒரு இடத்துல ஆஸ்திரேலியா ஆர்னாட் 1889ங்கிறான், ஒரு இடத்துல ஜெர்மனி ஃபைன் 1895, இன்னொரு இடத்துல பிளாக் அண்ட் டெக்கர் 1917. இதுல எது சரி?

மெஷின்ஷாப்_மணி

தம்பி, நம்பர் இல்லைன்னு கவலைப்படாதீங்க. அமெரிக்காவுல 1842ல வந்த சட்டப்படி பேட்டன்ட் வாங்குன சாமான்ல தேதியைத்தான் போடணும், நம்பர் போடுற பழக்கம் 1927ல சட்டம் மாறுன பிறகுதான் கட்டாயமாச்சு. அதனால அந்தக் காலத்து வார்ப்புல எல்லாம் தேதிதான் இருக்கும்.

நாள் தேஞ்சதுக்கும் வழி இருக்கு. அமெரிக்க பேட்டன்ட் ஆபீஸ் 19ஆம் நூற்றாண்டு நடுவுல இருந்து இன்னைக்கு வரைக்கும் செவ்வாய்க்கிழமை மட்டும்தான் பேட்டன்ட் வெளியிடுது. மாசமும் வருஷமும் தெரிஞ்சா நாலு செவ்வாய், மிஞ்சிப்போனா அஞ்சு செவ்வாய். அவ்வளவுதான் பாக்க வேண்டியது. டேட்டாம்ப்னு ஒரு தளம் இருக்கு, பழைய அமெரிக்க டூல், மெஷினரி பேட்டன்ட்டுக்குன்னே ஆர்வலர்கள் சேந்து பட்டியல் போட்டு வச்சிருக்காங்க, தேதி போட்டே தேடலாம். நம்பர் கிடைச்சதும் கூகுள் பேட்டன்ட்ஸ்ல போட்டா படத்தோட முழுசா வரும். எழுத்து மேல சாக்பீஸ தேச்சு டார்ச்சை பக்கவாட்டுல அடிச்சுப் பாருங்க, தேஞ்ச நாள் கூட சில சமயம் தெரியும்.

ஒரு விஷயம் மனசுல வச்சுக்கோங்க. வார்ப்புல இருக்கிற தேதி மெஷின் முழுசுக்கும்னு நினைக்காதீங்க. இந்த மாதிரி தூண்ல மாட்டுற போஸ்ட் ட்ரில்ல பெரும்பாலும் அந்த தானா இறங்குற ஃபீடுக்கு, வேகம் மாத்துற கியருக்கு, இப்படி ஏதாவது ஒரு பாகத்துக்குத்தான் பேட்டன்ட் வாங்கியிருப்பாங்க. பென்சில்வேனியா லங்காஸ்டர்ல சாம்பியன், நியூயார்க் மாநிலத்துல பஃபலோ ஃபோர்ஜ், இல்லினாய்ல கேனடி-ஓட்டோ, இவங்க எல்லாரும் கொல்லுப் பட்டறைக்கு இதே மாதிரி மெஷின் போட்டவங்கதான், பாத்தா ஒண்ணு போலவே இருக்கும், ஃபீடு மட்டும் ஆளுக்கொரு விதம்.

அக்கா பையன் கேட்டதுக்கு: மூணுமே உண்மைதான், ஆனா மூணும் கரண்ட் ட்ரில்லைப் பத்தினது, ட்ரில்லிங் மெஷினைப் பத்தினது இல்ல. ஆர்னாட்டும் பிரெய்னும் மெல்போர்ன்ல 1889 ஆகஸ்ட்ல வாங்குனது பாறை, நிலக்கரி தொளைக்கிற மின்சார ட்ரில்லுக்கு. ஸ்டுட்கார்ட் ஃபைன் கம்பெனி 1895ல கையில தூக்கிப் பிடிக்கிற மாதிரி செஞ்சாங்க. பிளாக்கும் டெக்கரும் பால்டிமோர்ல 1910ல கம்பெனி ஆரம்பிச்சு, துப்பாக்கி மாதிரி பிடியும் விசை ஸ்விட்ச்சும் வச்சு 1917 நவம்பர் 6ல பேட்டன்ட் வாங்குனாங்க. அதுக்கெல்லாம் ரொம்ப முன்னாடியே மேல ஓடுற ஷாஃப்ட்ல இருந்து தோல் பெல்ட் இறக்கி நீராவியிலயும் தண்ணிச் சக்கரத்துலயும் ஃபேக்டரி ஃபேக்டரியா ட்ரில்லிங் மெஷின் ஓடிக்கிட்டு இருந்துச்சு.

கடைசல்காரன்

மணி அண்ணே சொன்னதோட சேத்து ஒண்ணு சொல்றேன். மெஷினை யாரு கண்டுபிடிச்சாங்கன்னே எல்லாரும் கேக்குறாங்க, அதுல மாட்டுற பிட்டை யாரும் கேக்குறதில்ல, ஆனா என்னைக் கேட்டா பெரிய மாற்றமே அதுலதான் நடந்துச்சு.

அதுக்கு முன்னாடி இருந்தது தட்டை பிட்டு. கொல்லர் ஸ்டீல் கம்பியைக் காய்ச்சி நுனியை தட்டையா அடிச்சு, ரெண்டு பக்கமும் சாணை பிடிச்சு வச்சுக்குவார். அது இரும்பை வெட்டுறதை விட சுரண்டுறதுதான் அதிகம். ஆழமாப் போகப் போக வெட்டுப்பட்ட இரும்புச் சுருள் வெளிய வர வழி இல்லாம தொளைக்குள்ளயே அடைச்சுக்கும், அடிக்கடி வெளிய எடுத்து தட்டி விடணும், கோணல் மாணலாப் போகும், சாணை பிடிக்கப் பிடிக்க அகலமும் மாறிப்போகும். இப்ப நாம போடுற சுருள் பள்ளம் வச்ச பிட்டு இதுல எல்லாத்தையும் ஒரே அடியா தீத்துருச்சு, பள்ளம் வழியா சுருள் தானா ஏறி வெளிய வருது, எத்தனை தடவை சாணை பிடிச்சாலும் விட்டம் ஏறக்குறைய அப்படியே நிக்குது.

இதுக்கு பேட்டன்ட் வாங்குனவர் மாசசூசெட்ஸ் ஈஸ்ட் பிரிட்ஜ்வாட்டரைச் சேந்த ஸ்டீபன் மோர்ஸ். 1863 ஏப்ரல் 7, நம்பர் 38,119. (காலண்டர் பாருங்க, செவ்வாய்க்கிழமைதான்.) அடுத்த வருஷமே கம்பெனி, அப்புறம் நியூ பெட்ஃபோர்டுல மோர்ஸ் ட்விஸ்ட் ட்ரில்னு பெரிய ஃபேக்டரி. நம்ம கடைசல் மெஷின் பின்முனையில இருக்கிற டெயில்ஸ்டாக்குல மாட்டுற மோர்ஸ் டேப்பர்ங்கிற கூம்பு அளவும் அவர் பேருதான்.

ஆனா முதல் சுருள் பிட்டு அவர் செஞ்சதான்னு கேட்டா, இல்ல. அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்குன சமயம், 1861. ரோட் ஐலண்ட் பிராவிடென்ஸ்ல பிராவிடென்ஸ் டூல் கம்பெனி அரசாங்கத்துக்கு துப்பாக்கி செஞ்சுக்கிட்டு இருந்தாங்க. துப்பாக்கியில மருந்து பத்த வைக்கிற கேப்பை மாட்டுற சின்ன நிப்பிள்ல தொளை போட சுருள் பிட்டு வேணும், அதை எப்படி செஞ்சாங்கன்னா ஒவ்வொரு கம்பியிலயும் உருண்டை அரத்தால கையாலயே சுருள் பள்ளம் ராவி எடுத்தாங்க. ஒரு பிட்டுக்கே எவ்வளவு நேரம் போயிருக்கும், அதுவும் ஆயிரக்கணக்குல துப்பாக்கி கேட்டு நெருக்குறப்ப! அங்க பொறுப்புல இருந்த ஃபிரெடரிக் ஹோவ், அதே ஊர் பிரவுன் அண்ட் ஷார்ப் கம்பெனி ஜோசப் பிரவுன்கிட்ட போய் இதை மெஷின்ல வெட்ட முடியுமான்னு கேட்டார்.

பிரவுன் செஞ்சு குடுத்ததுதான் யுனிவர்சல் மில்லிங் மெஷின், சுத்துற கட்டரால இரும்பைச் செதுக்குறது. டேபிள்ல கம்பியைப் பிடிச்சு கணக்கா சுத்துற டிவைடிங் ஹெட் ஒண்ணு வச்சு, அதை டேபிள் நகத்துற ஸ்க்ரூவோட கியர்ல இணைச்சுட்டார். டேபிள் முன்னாடி நகர நகர கம்பி கணக்கா சுத்தும், டேபிளை சுருள் கோணத்துக்குத் திருப்பி வச்சா கட்டர் நேரா சுருள் பள்ளத்தை வெட்டிக்கிட்டே போகும். கியர் செட்டை மாத்துனா சுருளோட இழுப்பும் மாறும். முதல் மெஷின் 1862 மார்ச்ல அதே பிராவிடென்ஸ் டூல் கம்பெனிக்குப் போச்சு. பேட்டன்ட் வந்தது மூணு வருஷம் கழிச்சு, 1865 பிப்ரவரி 21.

இப்ப தேதியை சேத்துப் பாருங்க. மோர்ஸ் பேட்டன்ட் வர்றதுக்கு முன்னாடியே சுருள் பிட்டு புழக்கத்துல இருந்திருக்கு, அதை வெட்டுற மெஷினும் வந்துருச்சு. மோர்ஸ் பண்ணுன பெரிய வேலை, தன் டிசைனைப் பதிவு பண்ணி, ஒரே அளவுல கடைக்குக் கடை கிடைக்கிற சரக்கா அதை மாத்துனது. அதுக்காக அவரை நான் கொஞ்சமும் குறைச்சு மதிக்கல. ஆனா அரம் பிடிச்சு முதல்ல ராவுன ஆளோட பேரு எந்தப் பேட்டன்ட்லயும் ஏறலைங்கிறது எனக்கு உறுத்தலாத்தான் இருக்கு.

பட்டறை_ராசா

கடைசல் அண்ணே, மணி அண்ணே, ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. ட்ரில் பிட்டு செய்யப் போய் மில்லிங் மெஷின் வந்த கதை எனக்கு சுத்தமா தெரியாது. அப்ப லேத் (கடைசல் மெஷின்), போரிங் மெஷின் (தொளையை உள்ள கடைஞ்சு பெருசாக்குறது) மாதிரி இன்னும் பழசுக்கெல்லாம் பேட்டன்ட் இருக்கா? 1836க்கு முந்தின அமெரிக்க பேட்டன்ட் தேடுனா பாதி கிடைக்க மாட்டேங்குது, அது ஏன்?

பழைய_இரும்பு

1836 டிசம்பர் 15 ராத்திரி வாஷிங்டன்ல பேட்டன்ட் ஆபீஸ் எரிஞ்சுபோச்சு, அதான் காரணம். அதுவரைக்கும் குடுத்த கிட்டத்தட்ட பத்தாயிரம் பேட்டன்டோட பேப்பரும், மாடலும் போச்சு. வாங்குனவங்க கையில இருந்த நகலை வச்சு கொஞ்சத்தைத்தான் மீட்க முடிஞ்சுது. நம்பர் போடுற முறையும் அந்த வருஷம் ஜூலையிலதான் புதுசா ஆரம்பிச்சுது, அதனால பழசுக்கு எக்ஸ் சேத்து பின்னாடி ஒரு நம்பர் குடுத்திருக்காங்க.

பழைய லேத் பேட்டன்ட் வேணும்னா டேவிட் வில்கின்சனைப் பாருங்க, ரோட் ஐலண்ட் பாட்டக்கெட்காரர். ஸ்க்ரூ வெட்டுற லேத்துக்கு 1798 டிசம்பர்லயே பேட்டன்ட் வாங்கிட்டார். அதுல அவருக்கு காசு ஒண்ணும் பெருசா வரல, ஊர் உலகமெல்லாம் அதுல டூலைப் பிடிச்சு சறுக்கிக்கிட்டே போற அந்த ஸ்லைடு முறையை எடுத்து ஓட்டுச்சு, அரசாங்க ஆயுத ஃபேக்டரி உட்பட. அம்பது வருஷம் கழிச்சு 1848ல அமெரிக்க காங்கிரஸ் அவருக்கு 10,000 டாலர் குடுத்து மரியாதை பண்ணுச்சு. பேட்டன்ட் காலாவதியாகி எத்தனையோ வருஷம் ஆன பிறகு!

மெஷின்ஷாப்_மணி

இங்கிலாந்து பக்கமும் பாக்கணும், அங்கதான் இது சூடு பிடிச்சுது.

ஜான் வில்கின்சன் (மேல சொன்னவர் இல்ல, இவர் வேற), வேல்ஸ்ல பெர்ஷாம்ல இரும்பு ஆலை வச்சிருந்தவர். 1774ல பீரங்கிய கெட்டியா வார்த்து, அப்புறம் அதை சுத்தவிட்டு உள்ள தொளை போடுற முறைக்கு பேட்டன்ட் வாங்குனார். ஒரே ஆளு கையில இதை விட முடியாதுன்னு கடற்படை எதிர்த்துச்சு, 1779ல பேட்டன்ட் ரத்து.

அந்த 1774 பேட்டன்டுக்குப் பிறகு அவர் செஞ்சதுதான் பெரிய விஷயம், அதுக்கு அவர் பேட்டன்டே வாங்கல. ஜேம்ஸ் வாட்டுக்கு நீராவி இஞ்சின் பேட்டன்ட் 1769லயே கிடைச்சாச்சு, ஆனா சிலிண்டர் உருண்டையா அமையல, பிஸ்டன் பக்கத்துல நீராவி கசிஞ்சுக்கிட்டே இருந்துச்சு, எதை எதையோ திணிச்சுப் பாத்தார், நிக்கல. அப்ப இருந்த போரிங் மெஷின்ல கட்டர் தாங்குற தடி ஒரு பக்கம் மட்டும்தான் பிடிப்பு, இன்னொரு முனை தொங்கும், அதனால வார்ப்பு எப்படி கோணலோ அதே கோணல்ல கட்டரும் போகும். வில்கின்சன் தடியை சிலிண்டருக்குள்ள முழுசா நுழைச்சு ரெண்டு முனையிலயும் தாங்கல் குடுத்துட்டார். 1776ல 50 இன்ச் விட்டமுள்ள ஒரு சிலிண்டர் பழைய ஷில்லிங் காசு கனத்துக்கு மேல எங்கயும் பிசகலைன்னு வாட்டோட கூட்டாளி போல்டன் எழுதியிருக்கார். இன்னைக்குக் கணக்குக்கு அது ரொம்ப முரட்டு வேலை. ஆனா அது இல்லாம வாட் இஞ்சின் பேப்பர்லயே கிடந்திருக்கும்.

ஹென்றி மாட்ஸ்லேயும் அப்படித்தான். பூட்டுக்குப் பேர் போன பிராமாகிட்ட வேலை பாத்து, வாரம் 30 ஷில்லிங் பத்தலைன்னு கூடக் கேட்டு, குடுக்கலைன்னதும் 1797ல தனியா பட்டறை போட்டவர். ஸ்க்ரூ வெட்டுற லேத்தை அவ்வளவு துல்லியமா அமைச்சார், அதுக்கு பேட்டன்ட் வாங்கல. அவர் பட்டறையில வேலை பழகுன விட்வொர்த் பின்னாடி 1841ல ஸ்க்ரூ மரைக்கு 55 டிகிரி கோணம் வச்ச பொது அளவை முன்வச்சார், அதே பட்டறையில இருந்த நாஸ்மித் நீராவி சம்மட்டியை 1839ல பேப்பர்ல வரைஞ்சு வச்சுட்டு சும்மா இருந்துட்டார், அப்புறம் பிரான்ஸ்ல லெ க்ரூசோ ஆலைக்குப் போனப்ப அவர் வரைஞ்ச சம்மட்டி அங்க நிஜமாவே ஓடிக்கிட்டு இருந்ததைப் பாத்துட்டு அவசர அவசரமா 1842 ஜூன்ல பேட்டன்ட் வாங்குனார்.

சக்_கீ

என் பங்குக்கு ஒண்ணு. உங்க மெஷின்ல பிட்டை ஒரு ஸ்க்ரூ முடுக்கித்தான் பிடிச்சிருப்பாங்க ராசா, பாத்துச் சொல்லுங்க. சாவி போட்டு முடுக்குற, பிட்டைக் கவ்விப் பிடிக்கிற மூணு தாடை சக் ஆர்தர் ஜேக்கப்ஸ் வாங்குன பேட்டன்ட், கனெக்டிகட் ஹார்ட்ஃபோர்டுக்காரர், 1902 செப்டம்பர் 16. பழைய சக்கை ஸ்பேனரால முடுக்குறப்ப வழுக்கி விரல் முட்டி அடிபட்டுதான் அவர் இதை யோசிச்சார்னு சொல்வாங்க.

கடைசல்காரன்

ஹார்ட்ஃபோர்டுன்னதும் கிறிஸ்டோபர் ஸ்பென்சரை விட மனசு வரல. உள்நாட்டுப் போர்ல பேர் வாங்குன ஸ்பென்சர் ரிப்பீட்டிங் துப்பாக்கி இவரோடதுதான். 1873 செப்டம்பர் 30ல ஆட்டோமேட்டிக் ஸ்க்ரூ மெஷினுக்கு பேட்டன்ட் வாங்குனார். கம்பியை உள்ள விட்டா ஆள் கை படாம ஸ்க்ரூவா வெளிய வரும். அதுக்கு மூளையே ஒரு உருளை, மேல பட்டைகளை இடம் மாத்தி மாத்தித் திருகிக்கலாம், பட்டையை எங்க வச்சோமோ அந்த நேரத்துல அந்த டூல் முன்னாடி வரும், பின்வாங்கும். வேற ஸ்க்ரூ வேணும்னா பட்டையை மாத்துனா போதும், மெஷினை மாத்த வேண்டாம். இப்ப கம்ப்யூட்டர் ஓட்டுற சிஎன்சி மெஷின்ல நாம ப்ரோக்ராம் மாத்துற வேலையை 1873ல இரும்புப் பட்டையில பண்ணியிருக்கார்.

ஆனா பேட்டன்ட் எழுதுன வக்கீல் அந்த உருளையோட அருமையைப் புரிஞ்சுக்காம, உரிமை கேக்குற பகுதியில அதைச் சேக்காமயே விட்டுட்டார். மத்த கம்பெனிக்காரங்க அந்த ஒரு பாகத்தையே எடுத்து தாராளமா ஓட்டுனாங்க, ஸ்பென்சரால ஒண்ணும் கேக்க முடியல. ராசா, உங்க மெஷின் பேட்டன்ட் கையில கிடைச்சதும் படத்தை மட்டும் பாத்துட்டு மூடிராதீங்க, கடைசியில உரிமை கேக்குற அந்த நாலு வரியைப் படிங்க, எந்தப் பாகத்துக்கு வாங்குனாங்கன்னு அதுலதான் இருக்கும். நம்பரை இங்க போடுங்க, சேந்தே படிப்போம்.