புதுப்பிப்பு: மகன் வேலைக்குப் போனால் பராமரிப்புப் பணம் நிற்குமா?

17 வயது மகன் ஏ லெவல் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பு) படித்துக்கொண்டே சனி, ஞாயிறு சூப்பர்மார்க்கெட்டில் வேலை செய்கிறான், "அவன்தான் சம்பாதிக்கிறானே, இனி எதற்கு?" என்று, பிரிந்து வாழும் அவன் அப்பா மகனுக்காகத் தரும் பராமரிப்புப் பணத்தை நிறுத்திவிட்டார் என்று எழுதியிருந்தேன்.

விசாரித்துவிட்டேன். பிரிட்டனில் அந்த வார இறுதிச் சம்பளம் ஒரு பொருட்டே இல்லை. பார்க்க வேண்டியது படிப்பைத்தான். 16 வயது தாண்டினாலும், அங்கீகரிக்கப்பட்ட முழுநேரப் படிப்பில் இருந்தால் 20 வயது வரை பணம் தொடரும். முழுநேரம் என்றால் சராசரியாக வாரத்துக்கு 12 மணி நேரத்துக்கு மேல் வகுப்பு இருக்க வேண்டும். வீட்டுப்பாடமும் தானாக உட்கார்ந்து படிப்பதும் அந்த மணிக்கணக்கில் சேராது. பட்டப்படிப்புக்கு இந்த விதி பொருந்தாது (பெரிய செலவே அங்கேதான்!). படிப்பை விட்டுவிட்டு வாரம் 24 மணி நேரமோ அதற்கு மேலோ சம்பள வேலைக்குப் போனால் அரசு தரும் குழந்தை உதவித்தொகை நிற்கும், கூடவே இந்தப் பராமரிப்புப் பணமும்.

சரி, என்ன ஆயிற்று? அவன் முழுநேரம் படிக்கிறான் என்று கல்லூரி தந்த கடிதத்தைப் படம் எடுத்து அவன் அப்பாவுக்கு அனுப்பினேன். பதிலே இல்லை. ஆனால் விட்டுப்போன மாதத்தையும் சேர்த்துப் பணம் வந்துவிட்டது.

நீதிமன்ற உத்தரவு வைத்திருப்பவர்கள் அதை எடுத்துப் படியுங்கள், முடிவுத் தேதி வேறாக இருக்கலாம். அப்புறம், அவன் பல்கலைக்கழகம் போனால் செலவை எப்படிப் பிரிப்பது என்ற பேச்சை இப்போதே தொடங்கிவிட்டேன்.