சான் மாலோவில் பிள்ளைகள், பாட்டியோடு ஒரு வாரம்: எந்த நாள் எதைச் செய்வது?

தெம்பனீஸ்_அம்மா:
வணக்கம். ஜூன் பள்ளி விடுமுறையில் பிரான்ஸின் வடமேற்குக் கரையில் உள்ள சான் மாலோவில் ஏழு நாள் தங்குகிறோம். பிள்ளைகளுக்கு வயது 6, 10. மாமியாருக்கு 68, முட்டி வலி உண்டு, சுத்த சைவம். கார் வாடகைக்கு எடுக்கிறோம். பிள்ளைகளுக்குத் தெரிந்தது இங்கே சிங்கப்பூரின் ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைதான். எந்த நாள் எதற்கு ஒதுக்குவது என்று சொல்லுங்களேன்.

ஈசூன்_மணி:
அக்கா, ஹோட்டலை விடுங்கள், முதலில் கடலேற்ற அட்டவணையைப் பாருங்கள். சிங்கப்பூரில் தண்ணீர் ஏறி வற்றுவது மிஞ்சிப்போனால் 3 மீட்டர். சான் மாலோவில் பெரிய ஏற்றத்தின்போது 12 மீட்டரைத் தாண்டும், நாலு மாடி உயரம். காலையில் அலை சுவரில் மோதும் சியோன் கடற்கரையில், பிற்பகலில் தண்ணீரைத் தொட வெகுதூரம் நடக்க வேண்டும்.

அட்டவணையில் ஒவ்வொரு நாளுக்கும் 20இலிருந்து 120 வரை ஓர் எண் போட்டிருப்பார்கள். அதைக் 'கோயெஃபிசியான்' என்பார்கள். 90க்கு மேல் என்றால் பெரிய ஏற்றம், 50க்குக் கீழே என்றால் சின்னது. வீட்டில் நாட்காட்டி இருந்தாலே முன்கூட்டிக் கணிக்கலாம்: அமாவாசை, பௌர்ணமி கழிந்து ஒன்றரை இரண்டு நாளில் பெரிய ஏற்றம் வரும். அந்த நாட்களில் சான் மாலோவில் தண்ணீர் முழுக்க வற்றுவது பிற்பகல் மூன்று, நான்கு மணி வாக்கில். சிப்பி தேட, பாறைக் குட்டைகளில் நண்டு பார்க்க, தீவுக்கு நடந்து போக அந்த நாட்கள்தான். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் அதே நேரத்தில் தண்ணீர் கரையருகே நிற்கும். குளிக்க அவை நல்லது.

இரண்டு இடத்தில் ஏமாறுவார்கள். அட்டவணையில் 'PM' என்று இருந்தால் அது பிற்பகல் இல்லை, 'ப்ளேன் மேர்', அதாவது முழு ஏற்றம். 'PM 08:10' என்றால் காலை எட்டு பத்து. முழுக்க வற்றுவதற்கு 'பாஸ் மேர்', சுருக்கமாக 'BM' என்று வரும். முதல் எழுத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, சில அட்டவணைகள் கோடைக்கால நேரத்தைக் கணக்கில் எடுக்காது. முதல் பக்கத்தில் 'UT+1' என்று இருந்தால் ஒரு மணி நேரம் கூட்டுங்கள்.

செங்காங்வாசி:
மணி சொன்னதோடு ஒன்று. கிரான் பே தீவுக்கு வற்றிய நேரத்தில் கல்பாதையில் நடந்து போகலாம், ஷத்தோப்ரியான் என்ற எழுத்தாளரின் கல்லறை அங்கே இருக்கிறது. தண்ணீர் ஆறு மணி நேரத்தில் ஏறும், ஆனால் ஒரே சீராக ஏறாது. மொத்த உயரத்தைப் பன்னிரண்டு பங்காக வைத்தால் முதல் மணியில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு, மூன்றிலும் நான்கிலும் மும்மூன்று, பிறகு இரண்டு, ஒன்று. முதல் மணியில் 'ஒன்றும் ஏறவில்லையே' என்று தோன்றும். மூன்றாவது மணியில் 12 மீட்டரில் 3 மீட்டர் ஏறிவிடும். வற்றும் நேரத்துக்கு ஒரு மணி முன்னால் போய், வற்றியதும் திரும்பத் தொடங்குங்கள். பாதை மூழ்கிவிட்டால் இறங்கி நடக்கவே கூடாது. தீவிலேயே அடுத்த வற்றம் வரை காத்திருக்க வேண்டும். கடலில் ஆபத்து என்றால் 196.

குளிப்பதற்குப் போன் செகூர் கடற்கரை. அங்கே சுவர் கட்டிய கடல்நீர்க் குளம் இருக்கிறது, கடல் வற்றினாலும் அதில் தண்ணீர் நிற்கும். ஆனால் ஜூனில் தண்ணீர் 15, 16 டிகிரிதான். சின்னவருக்கு வெட்சூட் கட்டாயம், இங்கேயே வாங்கிப் போட்டுப் பாருங்கள்; தொளதொளவென்று இருந்தால் உள்ளே குளிர்ந்த நீர் புகுந்து பயனில்லாமல் போகும். உதடு நீலமாகும்வரை விடாதீர்கள். கம்பத்தில் கொடி இல்லையென்றால் உயிர்காப்பாளர் இல்லை என்று பொருள். ஜூலை, ஆகஸ்ட் தவிர்த்துப் பல கரைகளில் அப்படித்தான்.

கல்லுப்பு:
பத்து வயதுக்காரருக்குக் 'கூத்தோ' என்ற நீளமான சிப்பியைப் பிடிக்கக் காட்டுங்கள். இங்கே பாம்பூ கிளாம் என்று விற்கிறார்களே, அதன் உறவு. பெரிய வற்ற நாளில் தண்ணீர் ஓரத்து ஈரமணலில் எட்டு வடிவத்தில் சின்ன ஓட்டை தெரியும். ஒரு கரண்டி கல்லுப்பைப் போட்டுச் சும்மா இருங்கள். முதலில் தண்ணீர் கொப்பளிக்கும், பிறகு ஓடு விரலளவு மேலே வரும். உடனே வெடுக்கென்று இழுத்தால் உள்ளே இருக்கும் கால் அறுந்துவிடும். இறுக்கிப் பிடித்தபடி, அது தளரும்போது மெதுவாக எடுக்க வேண்டும். 10 செ.மீ.க்குக் குறைந்தால் மணலில் விட்டுவிட வேண்டும். புரட்டிய கல்லைப் பழையபடி திருப்பி வையுங்கள், அதன் அடியில் இருப்பவை வெயிலில் செத்துவிடும். சாப்பிட எடுப்பதானால் அந்த இடத்தில் தடை உண்டா என்று சுற்றுலா அலுவலகத்தில் கேட்டுவிட்டு எடுங்கள்.

விரிகுடாவில் குன்றின்மேல் மடம் உள்ள தீவான மோன் சான் மிஷெலுக்குப் பாட்டியை அழைத்துப் போகலாம்; கார் நிறுத்துமிடத்திலிருந்து இலவசப் பேருந்து வாசல் அருகே விடும். ஆனால் மேலே மடம் வரை நூற்றுக்கணக்கான படிகள். அவருக்குக் கீழ்த்தெருவே போதும். விரிகுடா மணலில் நடக்க ஆசைப்பட்டால் வழிகாட்டி இல்லாமல் இறங்காதீர்கள், புதைமணல் உண்டு.

தெம்பனீஸ்_அம்மா:
ரொம்ப நன்றி. அத்தைக்குச் சாப்பாடு? மழை பெய்தால்?

கல்லுப்பு:
'கலெட்' என்று கேளுங்கள், பக்வீட் மாவுத் தோசை மாதிரி. 'கொம்ப்ளெத்' என்றால் பன்றி இறைச்சியும் முட்டையும் சேர்ந்துவரும், அதனால் சீஸும் காளானும் மட்டும் போடச் சொல்லுங்கள். சைவம் சுத்தமாக வேண்டுமென்றால் கல்லில் எதைத் தடவுகிறார்கள் என்றும் கேளுங்கள்; பழைய முறைக் கடைகளில் 'செந்தூ', பன்றிக் கொழுப்பு தடவுவார்கள். 'பேர்' (beurre), அதாவது வெண்ணெய் என்றால் சரி. பல கடைகளில் பிற்பகல் இரண்டு மணிக்கு அடுப்பை அணைத்து ஏழு மணிக்குத்தான் திறப்பார்கள். பிஸ்கட், பழம் காரில் இருக்கட்டும்.

ஈசூன்_மணி:
மழைக்கு ரான்ஸ் அணை. 1966இல் திறந்த கடலேற்ற மின்நிலையம், 24 சுழலிகள், 240 மெகாவாட். அதன் மேலேயே தினார் ஊருக்குச் சாலை போகிறது. ஏறும் தண்ணீரும் வற்றும் தண்ணீரும் எப்படி மின்சாரமாகிறது என்று பெரியவருக்குக் காட்டலாம்.

அட்டவணையைப் பற்றி இன்னொரு தடவை சொல்கிறேன் அக்கா. சுருக்கமாக: 'PM' முழு ஏற்றம், 'BM' வற்றம். அட்டவணையில் பக்கத்தில் மீட்டர் கணக்கும் இருக்கும். 12 என்றால் ஏற்றம், 1 என்றால் வற்றம். அதைப் பார்த்தால் தப்பாது.