நாம் திறக்கும் தளங்கள் கேபிள்காரருக்குத் தெரிய வேண்டுமா? பிரவுசரில் டிஎன்எஸ்ஸைப் பூட்டுவது பற்றி

மஞ்சக்குப்பம் கடை:
கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஆன்லைன் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். மூன்று கணினிகள். போன வாரம் கடைக்கு வந்த ஒருவர் தள முகவரியில் ஓர் எழுத்தை மாற்றி அடித்துவிட்டார். 'அப்படி ஒரு தளம் இல்லை' என்று வர வேண்டிய இடத்தில் கடன் விளம்பரங்கள் நிறைந்த ஒரு பக்கம் வந்தது. தோண்டிப் பார்த்தேன். எங்களுக்கு இணைய இணைப்பு தரும் கேபிள்காரரின் டிஎன்எஸ் சர்வரே அங்கே திருப்பி விடுகிறது.

தளப் பெயரைச் சொன்னால் அதற்குரிய ஐபி எண்ணைத் தேடித் தருவதுதான் டிஎன்எஸ். 1980களில் வந்த ஏற்பாடு இது. கேள்வியும் பதிலும் தபால் கார்டு போலத் திறந்தே போகும். நடுவில் இருப்பவர் படிக்கலாம், மாற்றியும் எழுதலாம். 2018இல் வந்த ஆர்எஃப்சி 8484 என்ற இணையத் தரநிலை அந்தக் கேள்வியை ஹெச்டிடிபிஎஸ்ஸுக்குள், அதாவது நடுவில் இருப்பவர் படிக்க முடியாத இணைப்புக்குள், வைத்துப் பூட்டிவிடுகிறது. குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டிலும் இந்த வசதி உண்டு.

எனக்கு விளம்பரம் கூடப் பெரிதில்லை. நம்மூரில் கேபிள் பணம் வாங்க வருபவர் நம் தெருக்காரர், நம் வீட்டு விசேஷத்துக்கு வருபவர். குழந்தைப்பேறு சிகிச்சை பற்றியோ குடி மறுவாழ்வு மையம் பற்றியோ என் கடையில் ஒருவர் தேடினால், அந்தத் தளத்தின் பெயர் அவர் கண்ணில் பட வழி இருக்கிறது. பெருநகரத்தில் அது யாரோ ஒருவருக்குத் தெரிந்த விஷயம். இங்கே அது ஊர்ப் பேச்சு. எல்லாரும் இதைப் போட்டுக்கொள்ள வேண்டும்.

லாஸ்பேட்டை நெட்வொர்க்:
அண்ணே, புதுச்சேரியில் ஒரு கல்லூரியின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் சொல்லும் அக்கறை நியாயம்தான். ஆனால் 'எல்லாரும்' என்றதில் எனக்கு உடன்பாடு இல்லை.

கேள்வியைப் பூட்டுகிறீர்கள், சரி. மறுமுனையில் ஒருவர் திறந்து படித்துத்தானே பதில் தர வேண்டும்? டிஎன்எஸ் சேவை தரும் கிளவுட்ஃபிளேரோ கூகுளோ படிக்கும். தெருக்காரரிடம் இருந்த நம்பிக்கையைப் பிடுங்கி அமெரிக்க நிறுவனத்திடம் கொடுக்கிறீர்கள், அவ்வளவுதான். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த பிறகு, அறுந்த கேபிளை இழுத்துக் கட்ட முழங்கால் தண்ணீரில் வந்தவர் அந்தத் தெருக்காரர். அவர் தப்பு செய்தால் வாசலில் போய்க் கேட்கலாம். கிளவுட்ஃபிளேரின் டிஎன்எஸ்ஸான 1.1.1.1 தப்பு செய்தால் யார் வாசலுக்குப் போவது?

இன்னொன்று. தேடலைப் பூட்டினாலும், பிறகு அந்தத் தளத்தோடு ஹெச்டிடிபிஎஸ் இணைப்பு தொடங்கும்போது தளத்தின் பெயர் பெரும்பாலும் வெளிப்படையாகவே போகிறது. எஸ்என்ஐ என்பார்கள். பார்க்க நினைப்பவர் அங்கேயே பார்த்துக்கொள்வார்.

மஞ்சக்குப்பம் கடை:
தம்பி, வாசலில் போய்க் கேட்கலாம் என்கிறீர்கள். நான் போய்க் கேட்டேன். 'எல்லாம் மேலே இருந்து வருது' என்று பதில் வந்தது. எதைப் பதிவு செய்கிறார்கள், எத்தனை நாள் வைத்திருக்கிறார்கள் என்று ஒரு வரி எழுத்தில் கிடையாது. ஃபயர்ஃபாக்ஸ் தன் பட்டியலில் ஒரு டிஎன்எஸ் நிறுவனத்தைச் சேர்க்க வேண்டுமென்றால், ஆளை அடையாளம் காட்டும் பதிவுகளை 24 மணி நேரத்துக்குமேல் வைக்கக் கூடாது, விற்கக் கூடாது என்று அதை உருவாக்கும் மொசில்லா நிபந்தனை வைத்திருக்கிறது. தூரத்து ஆள்தான், ஆனால் எழுதிக் கொடுத்திருக்கிறார். அமெரிக்கா வேண்டாமென்றால் குவாட்9 என்ற டிஎன்எஸ் சேவை இருக்கிறது, 2021 முதல் சுவிட்சர்லாந்தில் பதிவான அறக்கட்டளை.

எஸ்என்ஐ பற்றிச் சொன்னது உண்மை, அதை மறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அதற்கும் இசிஹெச் என்று பூட்டு வந்துவிட்டது. தளமும் அதை ஆதரித்தால் பெயரும் மறையும். ஆனால் டிஎன்எஸ் திறந்தே போனால் அந்தப் பெயர் அங்கேயே தெரிந்துவிடும். முதல் கதவைப் பூட்டாமல் இரண்டாவதைப் பூட்டிப் பயனில்லை.

வில்லியனூர் டீச்சர்:
நான் தொழில்நுட்பக்காரி இல்லை. பையன் எட்டாம் வகுப்பு. ஆபாசத் தளங்கள் வராமலிருக்க ரூட்டரில் டிஎன்எஸ்ஸை கிளவுட்ஃபிளேரின் 1.1.1.3 என்று என் தம்பி மாற்றிக் கொடுத்திருந்தான். நீங்கள் சொல்லும் அதே செட்டிங்கைப் பையன் பிரவுசரில் போட்டுவிட்டான். வீட்டில் போட்ட தடுப்பு ஒரே நாளில் ஒன்றுமில்லாமல் போனது. தனியுரிமை எனக்கும் வேண்டும். ஆனால் அம்மாவுக்கே தெரியாமல் தடுப்பைத் தாண்ட வழி கொடுக்கும் கருவியை எப்படி நல்லது என்று சொல்வது?

லாஸ்பேட்டை நெட்வொர்க்:
டீச்சர் சொன்னதுதான் என் கல்லூரியிலும் நடந்தது. நூலகத்தின் உள் சர்வருக்கு எங்கள் டிஎன்எஸ்ஸில் மட்டும் பெயர் உண்டு, வெளியே யாருக்கும் அது தெரியாது. மாணவர்கள் ஃபயர்ஃபாக்ஸில் பூட்டிய வழியில் மட்டுமே கேட்கும் உச்சபட்சப் பாதுகாப்பைப் போட்டதும் நூலகத் தளம் திறக்கவில்லை. தேர்வு வாரம் வேறு. அத்தனை பேரும் என் அறை வாசலில் நின்றார்கள். வைரஸ் பிடித்த கணினி எந்தப் பெயரைத் தேடுகிறது என்று பார்த்துத்தான் அதைக் கண்டுபிடிப்போம். இப்போது அந்தக் கண்ணும் போய்விட்டது.

மஞ்சக்குப்பம் கடை:
டீச்சரம்மா, உங்கள் கவலைக்கு என்னிடம் பாதிப் பதில்தான் இருக்கிறது. 1.1.1.3க்கும் பூட்டிய வடிவம் உண்டு. பையன் பிரவுசரில் கிளவுட்ஃபிளேரின் குடும்ப முகவரியைப் போட்டுவிட்டால் தடுப்பும் இருக்கும், பூட்டும் இருக்கும். ஆனால் கணினியில் அவனுக்கு அட்மின் கணக்கு இருந்தால் மறுபடியும் மாற்றுவான். அவனுக்குத் தனிக் கணக்கு போட்டு, பிரவுசர் செட்டிங்கை உங்கள் கையில் வைத்துக்கொள்வதுதான் வழி. ரூட்டரில் மட்டும் தடுப்பு வைத்திருந்தால், அவன் மொபைல் டேட்டாவுக்கு மாறிய நிமிஷமே அது போய்விடும்.

தம்பி, நூலக விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். 'எல்லாரும்' என்று நான் எழுதியது அவசரம். நிறுவனக் கணினிகளில் நிர்வாகியே பாலிசி வைத்து இதை அணைக்கலாம், அது உங்கள் பொறுப்பு, உங்கள் உரிமை. ஆனால் வீட்டு இணைப்பு வைத்திருப்பவருக்கு அப்படி ஒரு நிர்வாகி இல்லை. அவருக்கு இருப்பது கேபிள் இணைப்பு மட்டும்தான்.

லாஸ்பேட்டை நெட்வொர்க்:
அப்படிச் சொன்னால் வருகிறேன். ஆனால் ஒரு பேச்சு மிச்சம் இருக்கிறது. 2025 ஜூலை 14 இரவு, நமக்கு 15 விடியற்காலை, 1.1.1.1 உலகம் முழுக்க ஒரு மணி நேரம் படுத்தது. ஊருக்கே ஒரே கிணறு என்றால் இதுதான் நடக்கும்.

மஞ்சக்குப்பம் கடை:
அந்த ஒரு மணி நேரத்தில் அடிபட்டது பெரும்பாலும் 1.1.1.1 என்று நேரடியாக எண் போட்டவர்கள்தான். எண்ணுக்குப் பதில் அந்தச் சேவையின் தளப் பெயர் வழியாக ஹெச்டிடிபிஎஸ்ஸில் போனவர்களுக்கு ஏறக்குறைய ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் ஒரே கிணறு கூடாது என்பது சரி. கடையில் ஒரு கணினிக்கு குவாட்9, மற்ற இரண்டுக்கும் கிளவுட்ஃபிளேர் போட்டிருக்கிறேன். மூன்றிலும் உச்சபட்சம் வைக்கவில்லை, அதற்கு ஒரு படி கீழே. பூட்டிய வழி கிடைக்காவிட்டால் பழைய வழியில் போகும், வாடிக்கையாளர் காத்திருக்க வேண்டாம். அந்த நேரத்தில் மறைவு போய்விடும் என்பது தெரிந்துதான் வைத்தேன்.

லாஸ்பேட்டை நெட்வொர்க்:
கல்லூரி லேபில் அணைத்தே வைப்பேன், அதில் மாற்றமில்லை. ஆனால் அறிவிப்புப் பலகையில் இதுவரை ஒன்றும் எழுதியதில்லை. எந்தப் பெயர்த்தேடலைப் பதிவு செய்கிறோம், எத்தனை நாள் வைக்கிறோம் என்று திங்கட்கிழமை எழுதி ஒட்டுகிறேன். கேபிள்காரர் உங்களுக்குச் சொல்லாததை நான் என் பிள்ளைகளுக்குச் சொல்லியாக வேண்டும்.

வில்லியனூர் டீச்சர்:
பையனை உட்கார வைத்து அவன் கையாலேயே குடும்ப முகவரியைப் போடச் சொன்னேன். என் போனுக்கும் சேர்த்துப் போட்டுக் கொடுத்தான். 'உனக்கு எதுக்கும்மா?' என்று கேட்டான். சொன்னேன்.