கரோப்: காட்டு மரமா, கைவிட்ட தோட்டமா?

வரப்போரம்:
ஸ்பெயினின் கிழக்குக் கரையில், அலிக்காந்தேக்கு வடக்கே, ஒன்பது வருடமாகத் தோட்ட வேலை பார்க்கிறேன். ஊருக்குப் பின்னால் மலைச்சரிவு முழுக்கக் கல் அடுக்கிக் கட்டிய படிவயல்கள். பாதிக்கு மேல் கைவிட்டவை. அவற்றில் கரோப் மரங்கள் (நீண்ட, இனிப்பான நெற்றுக் காய்க்கும் அவரை இன மரம்), நடுநடுவே அலெப்போ பைன், முட்டியளவு மஸ்திக் புதர். காக்கவேண்டிய இயற்கை வாழிடங்களைப் பட்டியலிடும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 1992 வாழிட ஆணையில் 'ஒலிவ, கரோப் காடுகள்' என்று ஒரு வகை இருக்கிறது, எண் 9320. இந்தச் சரிவையும் அதில் சேர்க்கவேண்டும் என்று இங்கே சிலர் பேசுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. இது தோட்டம். ஒவ்வொரு மரமும் யாரோ நட்டு, ஒட்டுக்கட்டி, கல் சுமந்து வரப்பு வைத்துக் காப்பாற்றியது. காடு என்று எழுதிவிட்டால் அந்த உழைப்பு கணக்கிலேயே வராது. பெயரைப் பாருங்கள்: ஸ்பானியத்தில் அல்கர்ரோபோ, போர்த்துகீசியத்தில் அல்ஃபரோபா. இரண்டும் அரபியின் அல்-கர்ரூப். அரபியர் கொண்டுவந்த மரம் என்று பெயரே சொல்கிறதே.

லிமாசோல்வாசி:
பெயரை வைத்து ஊரைத் தீர்மானிக்க முடியாது நண்பரே. ஸ்பானியத்தில் எண்ணெய்க்கு 'அசெய்தே' என்கிறார்கள், அதுவும் அரபுச் சொல்தான். அதற்காக ஒலிவ மரம் அரபியரோடு வந்ததா? ரோம் நகரத்தில் மொந்தே தெஸ்தாச்சியோ என்று ஒரு குன்று முழுக்க உடைந்த எண்ணெய்ச் சாடிகள். பெரும்பகுதி தெற்கு ஸ்பெயினிலிருந்து கப்பலேறியவை. அரபியர் ஸ்பெயினில் கால்வைத்தது 711இல், அதற்குப் பல நூறு ஆண்டுகள் கழித்து.

கரோப்பைக் கிழக்கிலிருந்து கிரேக்கரும் அரபியரும் மேற்கே கொண்டுபோனார்கள் என்பது பழைய கருத்து. 2020இல் வந்த மரபணு ஆய்வு அதை ஆட்டம்காண வைத்துவிட்டது. கிழக்கு மரங்களும் மேற்கு மரங்களும் மனிதன் விவசாயம் தொடங்குவதற்கு வெகுகாலம் முன்பே பிரிந்தவை; அங்கங்கே இருந்த காட்டு மரங்களையே அங்கங்கே உள்ளவர்கள் பயிராக்கியிருக்கிறார்கள் என்று காட்டியது.

உறைபனி இன்னொரு சாட்சி. பூச்சியத்துக்குக் கீழே ஏழு டிகிரி இறங்கினால் இந்த மரம் தாங்காது. அதனால்தான் கடலை ஒட்டிய கதகதப்பான பட்டையை விட்டு அது மேலே ஏறுவதில்லை. அந்த எல்லையைப் போட்டது விவசாயி இல்லை.

வரப்போரம்:
அரபியர் கொண்டுவந்தார்கள் என்றது தவறு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான் பேசுவது இந்தச் சரிவைப் பற்றி. நேற்று ஒரு மரத்தடியில் உட்கார்ந்து கையால் தடவிப் பார்த்தேன். இடுப்பு உயரத்தில் ஒரு முண்டு. அதற்குக் கீழே பட்டை சொரசொரப்பு, மேலே வழுவழுப்பு. ஒட்டுக்கட்டிய தழும்பு அது. கீழே விதையில் முளைத்த மரம், மேலே யாரோ தேடிக் கொண்டுவந்த நல்ல ரகம். கரோப்பில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. காய்ப்பது பெண் என்பதால் தோட்டத்தில் கிட்டத்தட்ட எல்லாமே பெண். மகரந்தத்துக்கு அங்கொன்று இங்கொன்றாக ஆண் மரம், அல்லது பெண் மரத்திலேயே ஓர் ஆண் கிளையை ஒட்டுவார்கள். இப்படிப்பட்ட கூட்டம் எந்தக் காட்டிலாவது தானாக அமையுமா?

அப்புறம், கவனிப்பு நின்றால் என்ன ஆகிறது? இருபது வருடத்தில் பைன் தலைக்கு மேலே போய்விடுகிறது. கரோப் நிழலில் காய்ப்பைக் குறைத்து, ஒரு பக்கமாகச் சாய்கிறது. விதையிலிருந்து எடுக்கும் பசை ஐஸ்கிரீமில் சேர்க்கிறார்களே, சில வருடம் முன்பு அதன் விலை எகிறியபோது எல்லோரும் கழியும் சாக்கும் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார்கள். ராத்திரியில் திருட்டு, அதற்குக் காவல். விலை இறங்கியதும் சரிவு மறுபடி காலி. காடு விலையைப் பார்த்தா வாழ்கிறது?

லிமாசோல்வாசி:
பைன் மேலே போகிறது, சரி. அந்த பைன் எரிந்தால்? இங்கே சைப்ரஸில் 2021 ஜூலையில் அரகபாஸ் பக்கம் பற்றிய தீ 50 சதுர கிலோமீட்டருக்கு மேல் தின்றது. நான்கு எகிப்தியத் தொழிலாளர்கள் இறந்துபோனார்கள். அந்தச் சாவை மறந்துவிட்டு மரத்தைப் பற்றிப் பேச என்னால் முடியவில்லை. எரிந்த இடங்களில் கரோப்பை நட வேண்டும் என்பதே என் கட்சி. தடித்த, ஈரம் பிடித்த இலை. அடியில் எரிந்தாலும் வேரிலிருந்து துளிர்க்கும். அவரை இனம் என்பதால் மண்ணுக்கும் உரம்.

நம் பலாவைப் போல அடிமரத்திலேயே பூக்கிற மரம் இது. அதுவும் மற்றதெல்லாம் பூத்து ஓய்ந்த பிறகு, செப்டம்பருக்கு மேலே. ஐப்பசி, கார்த்திகையில் தேனீக்கு வேறு கதி குறைவு. இந்தத் தீவின் பழந்தின்னி வௌவால் இதன் நெற்றைத் தின்கிறது. இத்தனை உயிர் ஒட்டிக்கொண்டிருக்கும் மரத்தை வெறும் பயிர் என்று எப்படிச் சொல்வது?

வேர்முடிச்சு:
இரண்டு பேரிடமும் ஒரு திருத்தம். உளுந்து, பயறு வேரில் இருக்கும் முடிச்சு கரோப்பில் பொதுவாக வருவதில்லை தம்பி. அதை நம்பி மண்ணுக்கு உரம் என்று யாருக்கும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

வரப்போரம், அந்தத் தழும்பை இன்னொரு முறை பாருங்கள். ஒட்டுக்கு மேலே எரிந்துபோனால் துளிர் எங்கிருந்து வரும்? கீழே இருந்துதான். கீழே இருப்பது விதை மரம். தீ ஒரு தோட்டத்தில் புகுந்து வெளியேறினால், விவசாயி கட்டிய பாதி போய்விடுகிறது. காட்டுப் பாதி எழுந்து நிற்கிறது. அதில் ஆணும் வரும், பெண்ணும் வரும். காய் மெலிந்து, சதை குறைந்து, விதை மிகுந்திருக்கும். ஆடு, கழுதை, பன்றி நெற்றைத் தின்று கல் போன்ற விதையைத் தூரத்தில் போடும்.

பன்றி என்றதும் ஒன்று. பைபிளின் கெட்ட குமாரன் கதையில் பன்றிகள் தின்கிற 'தவிடு' என்று தமிழில் படித்திருக்கிறோம். கிரேக்க மூலத்தில் இருப்பது கெராத்தியா, அதாவது இந்த நெற்று. நமக்கு அந்த மரமே தெரியாததால் தவிடாகிவிட்டது.

வரப்போரம்:
அக்கா, நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு இன்று காலையில் மேல் படிவயலுக்குப் போனேன். இரண்டு கோடைக்கு முன்னால் அங்கே தீ ஏறியது. பதினோரு மரம் எண்ணினேன். ஒன்பதில் துளிர், எல்லாம் கரிந்த முண்டுக்குக் கீழே. சில ஆளுயரம் வந்துவிட்டன. கருகாமல் கிடந்த பழைய நெற்று ஒன்றை உடைத்தேன், அதே புளித்த பாலாடைக்கட்டி வாசம்.

ஆனாலும் என் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை. நிலத்துக்காரப் பெரியவர் அந்தத் துளிர்களில் நேரானதை மட்டும் விட்டு, அடுத்த வருடம் திரும்ப ஒட்டுக்கட்டலாம் என்கிறார். எழுபது வயதுக்கு மேல் ஆகிறது அவருக்கு. அவர் கட்டுவார், நான் பிடிப்பேன்.

லிமாசோல்வாசி:
எல்லாவற்றையும் கட்டிவிடாதீர்கள். ஒன்றிரண்டையாவது அதன் போக்கில் விடச் சொல்லிப் பாருங்கள்.

வரப்போரம்:
கேட்டேன். பூக்கும் வரை பொறுத்து, ஆணாக இருப்பதை விட்டுவிடலாம் என்றார். மற்ற எட்டுக்கும் அது வேண்டுமாம்.