புதுப்பிப்பு: லாகின் ஸ்கிரீன்லயே சுத்துன உபுண்டு சரியாயிடுச்சு

காட்பாடியில மாமா கடை கம்ப்யூட்டர் (விண்டோஸ் இல்ல, உபுண்டுங்கற லினக்ஸ் சிஸ்டம்), பாஸ்வேர்டு சரியா போட்டாலும் திரும்ப லாகின் ஸ்கிரீனுக்கே வருதுன்னு கேட்டிருந்தேன்ல, அது சரியாயிடுச்சு. பலர் ஹார்ட் டிஸ்க் போச்சுன்னாங்க, வேலூர் வெயிலுக்கு அதுவும் நடக்கும்தான், ஆனா போகல, டிஸ்க் ஃபுல், அவ்ளோதான். கன்ட்ரோல் ஆல்ட் எஃப்3 அமுக்கி கறுப்பு ஸ்கிரீன்ல லாகின் பண்ணி பாத்தா ரூட் (சிஸ்டம் இருக்கற மெயின் பார்ட்டிஷன்) 100% நிரம்பியிருக்குன்னு காட்டுது. டெஸ்க்டாப் திறக்கும்போது சின்னச் சின்ன ஃபைல் எழுதியாகணும், இடமில்லன்னா காரணமே சொல்லாம வெளிய தள்ளிடுது. ஈஎக்ஸ்டி4ல (லினக்ஸ் டிஸ்க்ல ஃபைலை அடுக்கி வைக்கற முறை) பொதுவா 5% இடம் ரூட் யூசருக்குன்னு, அதாவது அட்மினுக்குன்னு ஒதுக்கி வச்சிருக்கும், அதனால சூடோ (அட்மினா ஓட்டுற கமாண்ட்) போட்டா வேலை நடக்குது.

இடத்தை தின்னது சிஸ்லாக் ஃபைல், அதாவது சிஸ்டம் தன் மெசேஜ், எர்ரர் எல்லாம் எழுதி வைக்கற ஃபைல். பழைய யூஎஸ்பி வைஃபை குச்சி ஒண்ணு ஒரே எர்ரரை விடாம எழுத வச்சிருக்கு. அந்த ஃபைலை அழிக்காதீங்க, ஓடுற புரோகிராம் அதை திறந்து வச்சிருந்தா அழிச்சாலும் இடம் காலியாகாது, ட்ரங்கேட் பண்ணி சைஸை 0 ஆக்கிடுங்க. அப்புறம் ஆப்ட் கிளீன் (டவுன்லோட் ஆகி கிடக்கற இன்ஸ்டால் ஃபைலை அழிக்கற கமாண்ட்) குடுத்து ரீஸ்டார்ட் பண்ணேன், நேரா உள்ள போயிடுச்சு.

குச்சியை புடுங்கி வச்சாச்சு, புதுசு வாங்குங்க மாமான்னா, மொதல்ல பில் போடட்டும்டான்னு உக்காந்துட்டாரு.